இடுப்புக் காசு

"சிவப்பு உடையைக் காணோம்னு ஆள் அனுப்பினீங்க. நான் வந்து சேர்றதுக்குள்ள திருடியையும் பிடிச்சு உட்கார வெச்சிட்டீங்க. அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை மிஸ்டர் டட்டில்? பாட்டுப் பாடவா?"

துப்பறியும் மிஸஸ் லவினியா பெக் இதைக் கேட்கும்போது கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்க பாடினா கேலரியில முட்டை வீசுவாங்க மேடம்" என்றான் பின்னால் நின்ற ஓபெட் கிரிம். "நல்ல முட்டையா வீசினா சொல்லுங்க, தொப்பியில பிடிச்சுக்கறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆகும்."

ஓபெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மிஸஸ் பெக்கிடம் உதவியாளனாகச் சேருவதற்கு முன்பு அவன் கிறிஸ்துமஸ் நாடகங்களில், இரண்டு பேர் உள்ளே புகுந்து ஆடும் துணிக் குதிரைக்குப் பின்னங்கால். முன்னங்காலாக நடித்தவன் ஒரு பாடகியைக் கல்யாணம் செய்துகொண்டு மான்செஸ்டர் போய்விட்டான். பாதிக் குதிரையை வைத்துக்கொண்டு யார் நாடகம் போடுவார்கள்? ஓபெட் துப்பறிய வந்துவிட்டான். நாடகக்காரர்களின் பெட்டி, மூட்டை, பொய் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. மிஸஸ் பெக் அவனுக்குச் சம்பளம் கொடுப்பது அதற்காகத்தான், அவன் வாய்க்காக அல்ல.

அவர்கள் நின்றது லண்டனின் லாம்பெத் பகுதியில் நைட்டிங்கேல் மியூசிக் ஹாலின் மேடையில். வெளியே நவம்பர் மூடுபனி. உள்ளே தலைக்கு மேல் ஊஞ்சல்கள், மேடை நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அது நிறையத் தண்ணீர். ஓரமாகக் கட்டிய கயிற்றில் ஆட்டக்காரிகளின் வெள்ளைப் பாவாடைகள், கொசுவலை மெல்லிசில், வரிசையாகத் தொங்கின.

ஹாலின் முதலாளி டட்டில் சுருட்டால் தொட்டியைக் காட்டினார். "இன்னிக்கு ராத்திரி சினியோர் ஃபால்கோனி அந்த ஊஞ்சல்லேருந்து பறந்து இந்தத் தொட்டியில குதிக்கணும். சிவப்பு உடையில. ஊர் பூரா சுவரொட்டி. இடம் முழுக்க வித்தாச்சு. காலைல பார்த்தா உடை இல்ல!"

"வேற உடையில குதிக்கச் சொல்லுங்களேன்."

"அதுல அவர் காலைப் பார்க்கத்தானேம்மா கூட்டமே வருது!"

அது உண்மைதான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாகப் பின்னிய கம்பளி உடை அது. ஊஞ்சலில் பறந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆரம்பித்து வைத்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் லண்டனில் ஊஞ்சல் ஏறுகிற ஒவ்வொருவனும் அதற்குள்தான் நுழைகிறான். ஒளிக்க ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்கிற உடை. அதில் சினியோரின் கெண்டைக்கால்களைப் பார்க்கவே பணக்கார மேஃபேர் சீமாட்டிகள் முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு லாம்பெத்துக்கு வண்டியேறி வந்தார்கள்.

"எல்லா அறையையும் சோதனை போட்டாச்சு. பெட்டி, கூடை, அடுப்பு, ஒண்ணு விடல" என்றார் டட்டில். "எஃபி க்ளேன்னு ஒரு ஆட்டக்காரி. காலைல விடிஞ்சும் விடியாம மூட்டையோட பின்வாசல்ல போனதை வாசல்காரன் பார்த்திருக்கான். மூட்டையில என்னடீன்னா வாயைத் திறக்க மாட்டேங்கிறா. ஆறு மணிக்குக் கதவு திறக்கணும். அதுக்கு முன்னால கான்ஸ்டபிள் வர்றார். அவளைக் கூட்டிட்டுப் போவார். உடையை எங்க வித்தாள்னு நீங்க கண்டுபிடிங்க, அது போதும்."

ஓபெட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலரை.

"பாவாடையெல்லாம் நல்லா இருக்கே" என்றார் மிஸஸ் பெக், சம்பந்தமில்லாமல்.

டட்டிலின் முகம் மலர்ந்தது. "மேகம்மா, மேகம்! இந்த ரெண்டு வாரமா பாருங்க, மேகக் கூட்டம் இறங்கி வந்து ஆடற மாதிரியே இருக்கு. மத்த ஹால்காரனுங்க நெருப்புப் பிடிக்கக் கூடாதுன்னு படிகாரத் தண்ணில முக்கித் தொலைக்கிறானுங்க. துணி மங்கிப் போகுது. முக்கினா அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்னு நான் சொல்லிட்டேன். என் மேடையில மேகம்தான் ஆடணும்."

மிஸஸ் பெக் பாவாடை ஒன்றின் விளிம்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். அந்தப் பாவாடையைக் கயிற்றிலிருந்து உருவிக்கொண்டு நடந்தார்.

*

எஃபி க்ளே உடை அறையில் ஒரு கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதிருக்கும். அழுது முடித்த முகம். கைகளைச் சால்வைக்குள் வைத்திருந்தாள்.

"மூட்டையில என்ன இருந்தது எஃபி?"

"சொல்ல மாட்டேன் மேடம்."

"சொன்னா வீட்டுக்குப் போகலாம்."

"சொன்னா எல்லாருமே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றாள். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மிஸஸ் பெக் பையிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்தார். குச்சியை உரசினார். உரசின குச்சியைக் கையிலிருந்த பாவாடைக்கு அருகே, ரொம்ப அருகே, கொண்டுபோனார்.

"மேடம்!" ஓபெட் எம்பிப் பாய்ந்து குச்சியைத் தட்டிவிட்டுத் தரையில் போட்டு மிதித்தான். மிதித்து முடித்த பிறகும் மிதித்துக்கொண்டிருந்தான். "உங்களுக்கு என்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? இந்த அறைக்கு ஜன்னல்கூட இல்ல!"

"பார்த்தியா ஓபெட், குதிரையோட பின்னங்கால் எப்படித் துள்ளுதுன்னு" என்றார் மிஸஸ் பெக் நிதானமாக. "நெருப்பைப் பாவாடைகிட்ட கொண்டுபோனா நாடகக்காரன் யாரா இருந்தாலும் துள்ளுவான். ஆட்டக்காரின்னா கூரை இடிஞ்சு விழற மாதிரி கத்துவா. எஃபி, நீ மட்டும் அசையவே இல்லையேம்மா?"

எஃபி அசையாமல்தான் உட்கார்ந்திருந்தாள். இப்போதுதான் அவள் சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"கையைக் காட்டு."

சால்வைக்குள்ளிருந்து கைகள் வெளியே வந்தன. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, வெடிப்பில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது.

"படிகாரமா?"

"கொஞ்சம் வெங்காரமும். கஞ்சியில நீலம் போட்டா மங்கலா தெரியாது" என்றாள் எஃபி மெல்ல. அதற்குமேல் அடக்க முடியவில்லை, கொட்டிவிட்டாள். "போன வசந்தத்துல பெஸ்ஸி என் பக்கத்துலதான் ஆடிட்டிருந்தா மேடம். சும்மா திரும்பினா. பாவாடை விளிம்பு மேடையோர கேஸ் விளக்கு மேல பட்டுச்சு. நாங்க போர்த்தி அணைக்கக் கம்பளி எடுத்துட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அடுத்த வாரமே அவ இடத்துல வேற பொண்ணு. இப்ப நாங்க பன்னண்டு பேரும் அதே விளக்குகிட்ட ஆடறோம். தினம் விடியக்காலைல ரெண்டு ரெண்டு பாவாடையா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் முக்கி, காயவெச்சு, மதியத்துக்குள்ள கொண்டாந்துடறேன். சார்கிட்ட சொல்லிடாதீங்க. பாவாடையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு புதுசு தைக்கச் சொல்லுவார். முக்காத புதுசு."

"நீ ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு யார் சொன்னா? பயமாத்தான் இருக்கு" என்றாள் எஃபி. "ஆனா பெஸ்ஸி கத்தினதை நீங்க கேக்கல."

ஓபெட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவன் வாயில் ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. வராதது அவனுக்கே அதிசயமாக இருந்தது.

வெளியே வந்ததும், "உண்மையைச் சொன்னா பொண்ணு தப்பிப்பா, பாவாடை போயிடும். சொல்லலேன்னா பாவாடை தப்பிக்கும், பொண்ணு போயிடுவா. என்ன மேடம் பண்றது?" என்றான்.

"உடையைக் கண்டுபிடிக்கணும். ஆறு மணிக்குள்ள. வா, உடைக்குச் சொந்தக்காரரைப் பார்ப்போம்."

*

சினியோர் ஃபால்கோனி தம் அறையில் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தார். சாம்பல் நிறக் கால்சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, அதற்கு மேல் பட்டுத் துண்டு. மெழுகு தடவிய மீசை.

"வருக அம்மணி! சிறகொடிந்த பருந்தைக் காண வந்தீரோ? என் சிவப்பு உடை என் உயிரன்றோ! எனது இத்தாலி தேசத்துத் தாய் தன் கையால் பின்னியதன்றோ!"

"எந்த ஊர் இத்தாலி?" என்றான் ஓபெட்.

"நேப்பிள்ஸ்" என்றார் சினியோர், அவனைப் பார்க்காமல்.

டட்டில் நடிகர் அறைகளில் நெருப்புப் போடவிடுவதில்லை. பேசும்போது எல்லார் வாயிலிருந்தும் புகை வந்தது. ஓபெட் கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு அறையைச் சுற்றிவந்தான். முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே ஏதோ மின்னியது. குனிந்து எடுத்தான். ஒரு பென்னிக் காசு. அதைச் சுற்றி இறுக்கிக் கட்டிய நாடா, அறுந்த நுனியோடு.

அதை மிஸஸ் பெக்கிடம் நீட்டினான். அவர் சினியோரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஓபெட்டை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன இது?"

"இடுப்புக் காசு மேடம். இடுப்பு வரைக்கும் ஏத்திப் போடற காலுறை நழுவாம இருக்க நாங்க எல்லாரும் பண்றதுதான். இடுப்புத் துணியில காசை வெச்சு ஒரு திருகு திருகி, நாடாவால இறுக்கிக் கட்டிட்டா தலைகீழா நின்னாலும் இறங்காது. குதிரைக்குள்ள நான் அப்படித்தான் கட்டுவேன். எந்த நாடகக்காரன் அறையைப் பெருக்கினாலும் நாலு கிடைக்கும். இதுல ஒண்ணும் இல்ல."

"எந்த நாடகக்காரன் அறையிலயும் கிடைக்கும். இந்த ஒரு அறையில மட்டும் கிடைக்கக் கூடாது."

"ஏன்?"

"அவர் உடை கழுத்துலேருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே துண்டு. அதுக்கு ஏதுடா இடுப்பு?"

ஓபெட் காசைப் பார்த்தான். மிஸஸ் பெக்கைப் பார்த்தான். அவன் வாய் மெல்லப் பிளந்தது. "அப்ப உள்ள வேற ஏதோ போட்டிருக்கார்! இடுப்போட!"

"சரி, இன்னொண்ணு. இந்தக் குளிர்ல உனக்கு எப்படி இருக்கு?"

"மூக்கு இருக்கான்னு தொட்டுப் பார்த்துக்கறேன்."

"அவர் நெத்தியைப் பார்த்தியா? வேர்த்து ஊத்துது. மூணு தடவை துடைச்சாச்சு. இந்தக் கட்டடத்துல எல்லாப் பெட்டியையும் எல்லாக் கூடையையும் சோதனை போட்டாங்க. உடையைத் தொலைச்சுட்டு அழற மனுஷனை யாரு சோதனை போடுவா?" மிஸஸ் பெக் முக்காலியில் இருந்த தண்ணீர்க் கூஜாவைப் பார்த்தார். "உனக்குக் கை தவறுமா ஓபெட்?"

"காலே தவறும் மேடம். என் தொழிலே அதுதானே."

உள்ளே திரும்பி வந்தார்கள். ஓபெட், "சினியோருக்குத் தாகமா இருக்குமே, பாவம்" என்று கூஜாவைத் தூக்கிக்கொண்டு மூன்றடி வைத்தான். நாலாவது அடியில் தடுக்கினான். தடுக்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. கூஜாத் தண்ணீர் முழுவதும் சினியோரின் தொடையிலிருந்து பாதம் வரை கொட்டியது.

"அய்யய்யோ! யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? எரும மாடே!"

சினியோர் தம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நேப்பிள்ஸ்ல அப்படித்தான் திட்டுவாங்களா?" என்றான் ஓபெட் பணிவாக. "எங்க லண்டன் பெர்மண்ட்சி தோல் மண்டியில கேட்ட மாதிரியே இருக்கு."

அப்போது சாம்பல் நிறக் கால்சட்டையில் சிவப்பு பரவ ஆரம்பித்தது. தொடையில் ஒரு திட்டு, முழங்காலில் ஒரு திட்டு, பிறகு ஷூவுக்குள் சொட்டுச் சொட்டாக. ரத்தம் என்று நினைத்து ஓபெட் ஒரு கணம் பதறிப்போனான். மிஸஸ் பெக் குனிந்து தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"சாயம். இத்தாலி அம்மா மட்டமான நூல்ல பின்னிட்டாங்க போல."

சினியோர் அவசரமாகக் கீழே பார்த்தார். பார்க்கக் காரணம் இருந்தது. அவருடைய இடது கெண்டைக்கால், மேஃபேர் சீமாட்டிகள் பெருமூச்சு விட்ட அதே கெண்டைக்கால், தண்ணீரைக் குடித்துக் கனத்து, மெதுவாக, மிக மரியாதையாக, கணுக்காலுக்கு இறங்கி வந்து உட்கார்ந்தது. சிறிது நேரத்தில் வலது காலும் துணைக்கு வந்தது.

"ஆட்டு ரோமம் அடைச்ச காலுறை" என்றார் மிஸஸ் பெக். "அதுக்குத்தான் இடுப்புக் காசு. ஊஞ்சல்ல இருக்கறவரைக்கும் கவலையில்ல. தொட்டியில குதிச்சா ரெண்டு காலும் ஊறி, ஊர் பார்க்கக் கணுக்காலுக்கு இறங்கிடும். டட்டில்கிட்ட முடியாதுன்னு சொல்லவும் வாய் வரல. அதனால உடையே காணாமப் போயிடுச்சு. உங்க நிஜப் பேர் என்ன?"

"ஆல்ஃபி மட்ஜ்." அவர் இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். "சின்ன வயசுலேருந்து கொக்குக்கால் மட்ஜ்னுதான் தெருவே கூப்பிடும். பறக்கறது நிஜம் மேடம். மேல பறக்கறதுல ஒரு பொய்யும் இல்ல. ஆனா கொக்குக்கால் பறந்தா சிரிப்பாங்க. சினியோர் பறந்தா..." மீசை தொங்கிவிட்டது. "யாருக்கும் சொல்லிடாதீங்க."

"எஃபி க்ளேயைப் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "எப்படியும் விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"இன்னிக்கு இந்தக் கட்டடத்துல ரெண்டு பேர் வாயைத் திறக்கல மிஸ்டர் மட்ஜ். அந்தப் பொண்ணு திறக்காதது பன்னண்டு பேர் உயிருக்காக. நீங்க திறக்காதது ரெண்டு கெண்டைக்காலுக்காக." மிஸஸ் பெக் கையுறையைச் சரிசெய்துகொண்டார். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கான்ஸ்டபிள் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. யோசிங்க."

வெளியே வந்ததும் ஓபெட் குதித்தான். "என்ன மேடம் இது? கையும் காலுமா பிடிச்சுக் கொடுத்தேன், காலு நாலா இருந்தும் விட்டுட்டு வர்றீங்களே!"

"நாம சொன்னா டட்டில் அடுத்த கேள்வி என்ன கேப்பார்? மூட்டையில என்னன்னு. மட்ஜே வந்து தன் வாயால சொன்னா கேக்கற சிரிப்புல மூட்டை மறந்துடும்."

"வரலேன்னா?"

மிஸஸ் பெக் மேடைப் பக்கம் நடந்தார். அவர் கை குடைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததை ஓபெட் பார்த்தான்.

*

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னதாகவே கான்ஸ்டபிள் வந்துவிட்டார். எஃபியை மேடைக்குக் கூட்டி வந்தார்கள். ஆட்டக்காரிகள் பதினொரு பேரும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மூட்டையில் என்ன என்று கான்ஸ்டபிள் கேட்டார். எஃபி தலையை ஆட்டினாள். கான்ஸ்டபிள் அவள் தோளில் கை வைத்தார். பதினொரு பேரில் ஒருத்தி வாயைத் திறந்தாள். எஃபி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அவள் மூடிக்கொண்டாள்.

ஓபெட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசல் காலியாக இருந்தது.

"இப்படி நடம்மா" என்றார் கான்ஸ்டபிள்.

"கையை எடுய்யா!"

வாசலில் ஆல்ஃபி மட்ஜ் நின்றார். கோட்டு இல்லை, கால்சட்டை இல்லை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஈரச் சிவப்பு உடை. அதன் உள்ளே, கடவுள் கொடுத்தபடியே, இரண்டு குச்சிக் கால்கள். கையில் ரோமம் அடைத்த காலுறையைத் தூக்கிப் பிடித்திருந்தார். தண்ணீர் வடிந்தது.

"உடை என்கிட்டதான் இருக்கு. காலைலேருந்து என் உடம்புமேலயே இருக்கு. இதோ என் கால். இதோ..." காலுறையை உயர்த்தினார். "இதுவும் என் கால்தான். பொண்ணை விடுங்க."

ஆட்டக்காரி ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லாரும். கான்ஸ்டபிள் மீசைக்குள் இருமிக்கொண்டே எஃபியின் தோளை விட்டார். ஓபெட்டுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது.

டட்டில் மட்டும் சிவந்து போயிருந்தார். "அப்ப அந்த மூட்டை?"

"பொண்ணுங்க துணிமணி மிஸ்டர் டட்டில்" என்றார் மிஸஸ் பெக். "இன்னும் விவரமா கேக்கணுமா?"

டட்டில் அவசரமாகச் சுருட்டைப் பற்ற வைத்தார். அவர் சாகும்வரை அதைக் கேட்டிருக்க மாட்டார்.

*

அன்று கூட்டம் கூரையைத் தொட்டது. குச்சிக் கால்களோடு ஆல்ஃபி மேடைக்கு வந்தபோது கேலரியிலிருந்து ஒரு மீன்காரன் கத்தினான். "யோவ் சினியோர்! காலை அடகு வெச்சுட்டியா?"

ஆல்ஃபி அந்தப் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கினார். "ஆமாய்யா! மீட்க வழியில்ல, நீ கொஞ்சம் குடேன்!"

ஹால் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் ஊஞ்சலில் இருந்தார். அப்புறம் யாரும் காலைப் பார்க்கவில்லை. ஒரு ஊஞ்சலை விட்டு அடுத்ததைப் பிடிக்கும் நடுவில், பிடிக்க ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில், அவர் சாவகாசமாக இருந்தார். கடைசியில் தொட்டியில் குதித்தார். தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிட்டது. சீமாட்டிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பிறகு மேகங்கள் வந்தன. டட்டில் மேடையோரத்தில் மிஸஸ் பெக்கின் பக்கத்தில் பெருமையாக நின்றார். விளக்கு வரிசையை ஒட்டி எஃபி சுழன்றாள். அவள் பாவாடை விளிம்பு விரிந்து நேராக ஒரு விளக்கின் சுடர்மேல் போய் விழுந்தது.

டட்டிலின் வாயிலிருந்து சுருட்டு விழுந்தது. போன வசந்தத்தில் அவரும் இதே இடத்தில்தான் நின்றார். சுவரில் தொங்கிய கம்பளியை இழுத்துக்கொண்டு ஓடப் போனவர் நின்றுவிட்டார்.

பாவாடை எரியவில்லை. விளிம்பில் ஒரு காசு அளவுக்குக் கறுத்தது, அவ்வளவுதான். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

"ஏன்... ஏன் எரியல?" டட்டில் அந்தப் பாவாடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க ரெண்டு வாரமா புகழ்ந்தீங்களே, அத்தனையும் படிகாரத்துல முக்கின மேகம் மிஸ்டர் டட்டில்."

"யாரு முக்கினது?"

"காலைல மூட்டையோட போனாளே, அவதான். இப்ப வேணும்னா வீட்டுக்கு அனுப்புங்க."

டட்டில் கம்பளியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எஃபியின் ஆட்டத்தையே பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டது புகையாலா என்று ஓபெட்டால் சொல்ல முடியவில்லை. கடைசியில் கரகரத்த குரலில் பேசினார்.

"தினம் வீட்டுக்குச் சுமந்துட்டுப் போக வேணாம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. பகல்ல அந்தக் கண்ணாடித் தொட்டி சும்மாதானே கெடக்கு. அதுலயே முக்கட்டும்."

"தண்ணியை மட்டும் மாத்திடுங்க சார்" என்றான் ஓபெட். "இல்லேன்னா நாளைக்கு மேகமெல்லாம் சினியோர் கலர்ல ஆடும்."

மேடையில் எஃபி மறுபடியும் விளக்கை ஒட்டிச் சுழன்றாள். அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.